கழிவு போக ஐம்பத்தைந்து

சிங்காநல்லூர்,
30.9.2024, திங்கள்

பிந்துவுக்கு,

ஆதர்ஷ் என் வீட்டில் ஒளித்து வைத்துத் தின்கிறானா என்று சனிக்கிழமை போனில் கேட்டாய். எனக்குத் தெரியாது. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தும் இதற்கு மேல் ஒரு பதில் என்னிடம் இல்லை.

இனி இதைப் போனில் பேச வேண்டாம். நாம் பேசத் தொடங்கினால் அடுத்த அறையில் பக்கம் புரட்டும் சத்தம் நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பும் வேண்டாம். என் போனைத் திறக்க அவனுக்குத் தெரியும், உன்னுடையதையும் திறப்பான் என்று நினைக்கிறேன். பதினொரு வயதுப் பையன் தன் உடம்பைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வளர வேண்டியதில்லை. எழுது. வீட்டு முகவரிக்கு அல்ல, கல்லூரி நூலகத்துக்கு, என் பெயருக்கு.

அன்று அவனை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து நான் போனில் சொன்னபோது, என் தம்பி ஸ்ரீனி குறுக்கே குறுக்கே பேசியதால் டாக்டர் சொன்னதில் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும். எடை ஐம்பத்தாறரை கிலோ. அவன் உயரத்துக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். கழுத்தைச் சுற்றிக் கறுத்திருப்பது அழுக்கு இல்லை. நீ எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போகாது. சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கிறது என்பதற்கு அது அடையாளம். ஈரலில் கொழுப்பு சேரத் தொடங்கியிருக்கிறது. "முன்னெல்லாம் இவன் வயசுல மாசத்துக்கு ஒருத்தர் வந்தா அதிகம் மேடம். இப்பத் தினமும் வர்றாங்க" என்றார் டாக்டர். ஆறுதலாகச் சொன்னாரா, அலுப்பில் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து விடுமுறையில் உங்கள் கொப்பரைக் களத்தில் எடை பார்த்தோம். டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னதற்கு, "எடை பாக்க டாக்டர் எதுக்குங்க்கா, ஊட்ல இல்லாத தராசா?" என்று ஸ்ரீனி அவனை மூட்டை நிறுக்கும் மேடையில் ஏற்றினான். ஐம்பத்தைந்து. "முதல் தரம்!" என்று ஸ்ரீனி கத்தியதும் வேலையாட்கள் சிரித்ததும் நினைவிருக்கும். அன்றிலிருந்து ஆறு வாரம். பிஸ்கட் இல்லை, கூல்டிரிங்ஸ் இல்லை, அளவான சாப்பாடு, காலையில் என்னோடு குளக்கரையில் நடை. முதல் வாரம் எனக்குப் பின்னால் முனகிக்கொண்டே வந்தான். இப்போது எனக்கு முன்னால் போகிறான். இடுப்பில் கால்சட்டை தளர்ந்திருப்பதாகக்கூட எனக்குத் தோன்றியது. தோற்றம்தான் போலிருக்கிறது. ஒன்றரை கிலோ கூடியிருக்கிறான்.

ஆக, எங்கோ தின்கிறான். பள்ளியிலா, என் வீட்டிலா, உன் வீட்டிலா? டாக்டரைப் பார்க்க இங்கே நின்ற இந்த வாரம் போக, பள்ளி இல்லாத சனி ஞாயிறு அவன் உன்னோடு இருக்கிறான். என்ன கொடுக்கிறாய் என்று கோபப்படாமல் எழுது.

"திருட்டுத் தீனி திங்கறான், வேறென்ன" என்று ஸ்ரீனி சொன்னது ஸ்பீக்கரில் அவனுக்குக் கேட்டது. போனை வைத்த பிறகு, "நான் திங்கலைங்கத்தை" என்றான், ஒரே ஒரு முறை. அவன் குளிக்கப் போனதும் புத்தகப் பையைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. இல்லாததும் எனக்கு நிம்மதி தரவில்லை.

கோமளா


வெள்ளகோவில்,
4.10.2024

வதினெக்கு வணக்கம்.

கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் எனக்குக் கடிதம் எழுதியவர் நாத்தனார் நீங்கள் ஒருவர்தான். அதுவும் விசாரணைக் கடிதம்.

என்ன கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை மத்தியானம் கோழிக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி. பெற்றவள் வாரத்துக்கு இரண்டு நாள் போடுகிற சோறு. மீதி ஐந்து நாள் அவன் உங்களோடு இருக்கிறான். ஏழில் ஐந்து பெரியதா, இரண்டு பெரியதா? நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள்.

காந்தி ஜெயந்திக்கு வந்திருந்தபோது பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டேன். அவனுக்கு உயிர். நெய் விட்டுத் தட்டில் வைத்தேன். "வேண்டாம்மா, அத்தைகிட்டச் சொல்லியிருக்கேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டான். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஒரு பிள்ளையை என்ன மிரட்டினால் அம்மா கையால் சுட்டதை வேண்டாம் என்று சொல்லும்? சரி, மிரட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இங்கே இப்படி வேண்டாம் வேண்டாம் என்கிற பிள்ளைக்கு எடை ஏறுகிறதென்றால், அங்கே நடப்பது என்ன?

இந்த ஊரில் நான் படுகிற பாடும் உங்களுக்குத் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் தட்டு நிறைய மிக்சர் வந்துவிடுகிறது. வேண்டாம் என்றால் அவர்களுக்கு முகம் சுருங்குகிறது. காந்தி ஜெயந்தி அன்றே ஊர்ப் பெரியவர் லட்சுமணசாமி மாமா கேட்டார்: "ஏம்மணி, எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் பஞ்சமில்லாத ஊடு. பையனைக் காயப்போட்டு அனுப்புனா ஊரு சிரிக்காதா?" பக்கத்தில் நின்று ஆதர்ஷ் கேட்டுக்கொண்டிருந்தான்.

உங்கள் தம்பி ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வாங்கி வந்திருக்கிறார். சாவி அவர் இடுப்பில். பால் எடுக்க நான் களத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. அவருடைய சினேகிதர் சென்னகிருஷ்ணன் தன் பையன் யஷ்வந்தைப் பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு ஹாஸ்டல் பள்ளியில் விட்டிருந்தார். விடிகாலையில் ஓட விடுவார்களாம், அளந்துதான் சோறாம். ஆறே மாதத்தில் பாதியாக வந்துவிட்டான் என்று இங்கே வந்து பெருமையாகச் சொன்னார். "பேச்சுத்தான் கொறஞ்சுபோச்சுங்க" என்றார். அதையும் பெருமையாகத்தான் சொன்னார். உங்கள் தம்பி அன்றிலிருந்து அந்த ஹாஸ்டல் பேச்சாகவே இருக்கிறார்.

பிந்து


சிங்காநல்லூர்,
9.10.2024

பிந்துவுக்கு,

ஏழில் ஐந்துதான் பெரியது. ஆகையால் இந்த ஐந்து நாளை விசாரித்தேன்.

பள்ளியில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டு வகுப்பு. இரண்டையும் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் விளையாடிய இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. டியூஷனில் சரியான விடைக்குச் சாக்லேட் தருவதாகக் கேள்விப்பட்டு அந்த அம்மாவிடம் கேட்டேன். "ஆதர்ஷ் வாங்க மாட்டான் மேடம், பக்கத்துப் பையனுக்குக் குடுத்துடுவான்" என்றார். நம்பலாமா என்று தெரியவில்லை. சாக்லேட் கொடுப்பவர் வேறு என்ன சொல்வார்?

செவ்வாய்க்கிழமை நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கல்லூரியில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவன் பள்ளி வேனிலிருந்து இறங்கும் இடத்துக்கு எதிரே மருந்துக் கடையில் நின்றேன். இறங்கினான். அங்கே ஒரு பேக்கரி இருக்கிறது. அதை ஒட்டித் தள்ளுவண்டியில் காளான் போடுகிறார்கள், மசாலா வாசனை சாலைக்கு இந்தப் பக்கம் வரை வருகிறது. அவன் வகுப்புப் பையன்கள் எல்லாரும் அங்கே போனார்கள். அவன் வண்டிக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நடந்து வீட்டுக்குப் போய்விட்டான். மருந்துக் கடைக்காரர் என்னிடம், "என்னங்க வேணும், வந்ததுலருந்து நிக்கிறீங்க" என்றார். ஒரு பட்டை தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். அன்று மாலை அவன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். ஒரு சிப்ஸ் உறை. மடித்து மடித்து, கட்டைவிரல் அளவாக்கி, காம்பஸுக்கு அடியில் வைத்திருந்தான்.

பத்து நாளாக நான் தேடாத இடமில்லை. அப்போதெல்லாம் கிடைக்காத ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது. இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. அவனிடம் நான் கேட்கவில்லை. நீயும் ஸ்ரீனியிடம் சொல்லாதே. சொல்லிவிடுவாயோ என்ற சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன்.

கோமளா


வெள்ளகோவில்,
14.10.2024

வதினெக்கு,

நான் சொல்லவில்லை. உங்கள் கடிதம் மசாலா டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. உங்கள் தம்பி ஃபிரிட்ஜைப் பூட்டினதோடு நிற்கவில்லை, அலமாரிகளையும் சோதிக்கிறார். அவரே எடுத்துப் படித்துவிட்டார்.

ஆயுத பூஜைக்குக் களத்தில் எல்லாருக்கும் பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆதர்ஷ் ஒரு கை பொரி எடுத்தான். பொரிதான், வதினெ. அவர் அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்துத் தூக்கிக் காட்டினார். "பாருங்க எல்லாரும். டப்பாக்குள்ள ஒளிச்சு வெச்சுத் திங்கற திருடன் இவன்தான்." வீட்டில் எங்களோடு தெலுங்கில்தான் பேசுவார். வேலையாட்களுக்குப் புரியட்டும் என்று அன்று தமிழில் சொன்னார்.

கொப்பரை உடைக்கிற பாவாத்தாள், "உடுங்க மொதலாளி, பொரியில என்ன கனமிருக்குது, ஊதுனாப் பறந்துபோவுது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். பிள்ளைக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டிருக்கும். பொரியைத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அப்புறம் இரண்டு நாளும் கூப்பிட்டால், "சாப்ட்டாச்சும்மா" என்கிறான். எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டால் அறைக்குள் போய்விடுகிறான்.

ஹாஸ்டலில் சேர்க்கப் பணம் கட்டிவிட்டார். திங்கட்கிழமை, இருபத்தெட்டாம் தேதி விட வேண்டும். தீபாவளிக்குக்கூட அனுப்ப மாட்டார்களாம். பழகுகிற வரைக்கும் வீட்டு வாசனையே கூடாதாம். இரும்புப் பெட்டி வாங்கியாகிவிட்டது. இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை அவரே அங்கே வந்து கூட்டிக்கொண்டு வருவார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இந்த ஹாஸ்டல் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். பிள்ளைக்காகப் பிடிக்கவில்லையா, வீடு காலியாகிவிடும் என்று பிடிக்கவில்லையா? எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் உறையைக் கண்டுபிடித்து எழுதினவர் நீங்கள். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் அவர் கையில் அது கிடைத்திருக்காது.

பிந்து


சிங்காநல்லூர்,
18.10.2024

பிந்துவுக்கு,

வீடு காலியாகிவிடும் என்பது உண்மை. ஜூன் மாதம் அவன் வரும் வரை இந்த வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் காரணம் அது இல்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அந்த ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டேன். "ரிசல்ட்டைப் பாருங்க மேடம்" என்றார்கள். என்ன சாப்பாடு என்றேன். "ரிசல்ட் வரும் மேடம்." பிள்ளைக்கு மயக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்றேன். யார் பேசுகிறீர்கள், அம்மாவா என்றார்கள். அத்தை என்றேன். பெற்றோரைப் பேசச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்கள். நீ பேசு. நீ அம்மா.

ஆதர்ஷைப் பற்றி. இப்போது நிச்சயமாகத் தின்கிறான். போன திங்கட்கிழமை உன் வீட்டிலிருந்து வந்தது முதல், கையில் மசாலா வாசனை வருகிறது. கேட்டால் என் கண்ணைப் பார்த்தே இல்லை என்கிறான். முன்பு இல்லை என்று சொன்னபோது தரையைப் பார்த்தான். எது பொய்யன் பார்வை என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. காலை நடைக்கும் வருவதில்லை. "எதுக்குங்கத்தை? ஏறத்தானே போகுது" என்றான்.

நான் ஒன்றைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அவன் கால்சட்டை தளர்ந்தது என் தோற்றம் இல்லை. செப்டம்பரில் அவனே பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருக்கிறான், நேற்றுத்தான் பார்த்து எப்போது போட்டாய் என்று கேட்டேன். ஒன்றரை கிலோ ஏறியவன் எதற்குப் பெல்ட்டை இறுக்குகிறான்? ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. பையனாக இருக்கலாம், டாக்டரின் கருவியாக இருக்கலாம், நம்மில் யாராவதாக இருக்கலாம். உன்னை நான் முழுதாக நம்பவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. என்னை நீ நம்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆனால் இருபத்தெட்டாம் தேதிக்குள் இதைக் கண்டுபிடிக்காமல் அவனை அனுப்பினால், செய்யாத ஒன்றுக்காக அனுப்பினோமா என்ற கேள்வி நம் இருவருக்கும் மிஞ்சும்.

கோமளா


வெள்ளகோவில்,
23.10.2024, புதன்

வதினெ,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலகாரத்துக்கு என்று இன்று காலையில் புது சிலிண்டர் வந்தது. தூக்கினால் லேசாக இருப்பது போல இருந்தது. எனக்குத்தான் யாரைப் பார்த்தாலும் சந்தேகமாயிற்றே. வேலைக்கார இளவட்டங்களை விட்டுக் களத்துத் தராசில் ஏற்றினேன். இருபத்தாறரை காட்டியது. சிலிண்டர் காலி எடை அதன் கழுத்திலேயே எழுதியிருக்கும். கேஸையும் சேர்த்தால் இருபத்தொன்பதரை வர வேண்டும். மூன்று கிலோ குறைகிறது. கேஸ்காரர் கையூம் பாயைத் தெருமுனையில் இருந்து திரும்பக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"ஏனுங்கம்மணி, திருடறவன் மூணு கிலோவா திருடுவேன்? அரைக் கிலோவுல நிறுத்திக்க மாட்டனா?" என்று சிரித்துக்கொண்டே தன்னுடைய கொக்கித் தராசில் மாட்டினார். இருபத்தொன்பதரை. திரும்ப எங்கள் தராசில் ஏற்றினோம். இருபத்தாறரை. சிலிண்டரை இறக்கினதும் காலி மேடையைப் பார்த்தேன். மைனஸ் மூன்று.

வதினெ, அது எப்போதும் மைனஸ் மூன்றுதான் காட்டும். சாக்குக்கு ஒன்று, தூசுக்கும் ஈரத்துக்கும் இரண்டு. மூட்டைக்கு மூட்டை கழிக்கும்போது சண்டை வருகிறது என்று, உங்கள் தம்பி மெஷினிலேயே கழித்துக் காட்டும்படி செய்து வைத்துவிட்டார். எங்கள் களத்துக்குக் கொப்பரை கொண்டுவருகிறவர்களுக்குத் தெரியும். வேலையாட்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிற எண். அது மூட்டைக்கு என்று நினைத்திருந்தோம். பிள்ளை ஏறி நின்றபோது அவனிடமிருந்தும் அது சாக்கைக் கழித்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்டில் அவன் ஐம்பத்தைந்து இல்லை. ஐம்பத்தெட்டு. டாக்டரிடம் ஐம்பத்தாறரை. என் பிள்ளை ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறான், வதினெ. நெய் விட்டு வைத்த ஒப்புட்டை வேண்டாம் என்றவன். நீங்கள் சொன்ன அந்தக் காளான் வண்டிக்கு எதிரில் நின்றுவிட்டு நடந்தவன்.

மத்தியானம் அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி: "அக்காளுக்குத் தெரியுமா?"

"ஹாஸ்டல் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றேன். "பணம் கட்டியாச்சு. ஊர்ல எல்லார்த்துக்கும் சொல்லிப்போட்டேன். அன்னைக்குத் திங்கலைன்னாலும் இப்பத் திங்கறானல்ல?" என்று எழுந்துவிட்டார். நானும் சனிக்கிழமை வருகிறேன் என்றதற்கு, "நீ வந்தா அழுவ, அப்பறம் அவனும் அழுவான்" என்றார்.

ஆதர்ஷிடம் நான் போனில் சொல்லவில்லை. நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். நீங்கள் சொல்லுங்கள். உங்கள் தம்பி வருவதற்கு முன்னால்.

பிந்து


சிங்காநல்லூர்,
25.10.2024, வெள்ளி

பிந்துவுக்கு,

உன் கடிதம் இன்று மாலை கிடைத்தது. படித்துவிட்டு நூலகத்தைப் பூட்டும் வரை ஒரு வேலையும் ஓடவில்லை.

அழுதிருப்பாய். எனக்கு அழ வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த மேடைக்குப் பக்கத்தில் நானும்தான் நின்றேன். எண்ணைப் பார்த்தேன், காலி மேடையைப் பார்க்கவில்லை.

சந்தோஷப்படுவதற்கு முன் இதையும் பார்த்துக்கொள். ஆகஸ்டில் ஐம்பத்தெட்டு என்றால், நாம் நினைத்ததைவிட அவன் மோசமாக இருந்திருக்கிறான். ஐம்பத்தாறரையும் நல்ல எடை இல்லை. ஈரலில் இருக்கும் கொழுப்பு உண்மை, கழுத்துக் கறுப்பு உண்மை. இந்த நான்கு வாரத்தில் குறைந்ததெல்லாம் திரும்ப ஏறியிருக்கவும் கூடும். தராசு தப்பு என்று ஆனதால் நோய் தப்பு என்று ஆகிவிடாது. குறைக்க முடியும் என்று அவன் ஒருவன்தான் செய்து காட்டினான். அவனைத்தான் திருடன் என்றோம்.

நாளைக் காலை அவனிடம் சொல்வேன். கேட்டுவிட்டு என்ன செய்வான் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. ஸ்ரீனி மனம் மாறுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன். நாளை நடப்பதையும் எழுதி அனுப்புகிறேன். ஸ்ரீனி உன்னிடம் வந்து சொல்கிறபடி இருக்க வேண்டாம்.

26.10.2024, சனி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னேன். களத்துத் தராசு மூன்று கிலோ கழித்துக் காட்டும், ஆகஸ்டில் நீ ஐம்பத்தெட்டு, டாக்டரிடம் போனபோது ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தாய், நீ சொன்னது உண்மை, நான் நம்பவில்லை என்றேன்.

"சரிங்கத்தை" என்றான். இட்லியைத் தின்று முடித்தான். பிறகு, "அப்பாக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"புதன்கிழமை."

காலித் தட்டைத் தள்ளி வைத்தான். "தெரிஞ்சுமா வாராங்க?"

தட்டை எடுத்துப் போய்க் கழுவினேன்.

ஸ்ரீனி பதினொரு மணிக்கு வந்தான். பெட்டி காரிலேயே இருந்தது. தண்ணீர் குடித்தான், தீபாவளிக்கு ரோடெல்லாம் கூட்டம் என்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. "கெளம்பு கண்ணு, நேரமாச்சு" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

ஆதர்ஷ் தன் தலையணை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். மேசை மேல் கவிழ்த்தான். சிப்ஸ் உறைகள், பிஸ்கட் உறைகள், நசுங்கிய கிரீம் பன் ஒன்று, காளான் தின்ற காகிதத் தட்டுகள் இரண்டு. நான் சோதித்த இடங்களின் பட்டியலில் தலையணை இல்லை.

"இதெல்லாம் நான் தின்னதுங்கப்பா. நீங்க போன்ல சொன்னதுக்கு அப்பறம் தின்னது. அதுக்கு முன்னால ஒண்ணுமே திங்கலை."

"காசு ஏது?" என்றான் ஸ்ரீனி. அதுதான் அவனுக்கு முதலில் வந்தது.

"லட்சுமணசாமி தாத்தா குடுத்தாங்க. அம்மா சோறு போடலேன்னா வாங்கித் திங்கச் சொல்லி."

ஸ்ரீனி என் பக்கம் திரும்பினான். "நீதான் சொல்லிக் குடுத்தயாக்கா, இப்பிடிக் கொண்டாந்து கொட்டச் சொல்லி?"

"அத்தைக்கு இது தெரியாதுங்கப்பா" என்றான் ஆதர்ஷ். "சும்மாவும் திருடன்னுதான சொன்னீங்க. அதான்."

ஸ்ரீனி ஒரு உறையை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படிப்பது போல. கீழே வைத்தான். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். கதவைச் சாத்தவில்லை. பேசியது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"ஏனுங்க சார், வெள்ளகோவில் ஸ்ரீனிவாஸ் பேசறனுங்க. பையன் வரலீங்க... இல்லீங்க, ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க... அவன் மேல தப்பு இல்லீங்க சார். தப்பு எங்க மேலதானுங்க. மன்னிச்சுக்குங்க."

அதை அவன் ஆதர்ஷிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு ஹாஸ்டல்காரரிடம் சொன்னான். ஆதர்ஷ் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டான்.

உள்ளே வந்து, "ஊட்டுக்கு வாரயா? அம்மா பாத்துட்டிருப்பா" என்றான்.

"இந்த வாரம் வரலைங்கப்பா."

வற்புறுத்தவில்லை. செருப்பைப் போடும்போது என்னிடம், "டாக்டர்கிட்ட எப்பப் போறீங்க, சொல்லுக்கா, வாரேன்" என்றான். வருவானா என்பதை அன்று பார்க்கலாம். பெட்டியோடு வந்தவன் பெட்டியோடு போனான். பிந்து, அவன் உன்னிடம் கடுகடுப்பாக இருந்தால் இதுதான் காரணம்.

மத்தியானம் முழுக்க ஆதர்ஷ் அறையிலேயே இருந்தான். கூப்பிட்டதற்கு, சாப்பிட்டாச்சு என்றான். நான் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. மேசை மேல் கிடந்ததை அவனே அள்ளிக் குப்பையில் போட்டிருந்தான். கிரீம் பன்னும் அதில் இருந்ததா என்று குனிந்து பார்க்கப் போனவள், பார்க்காமல் மூடியைப் போட்டேன்.

ஏழு மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அத்தை, பசிக்குது."

சில வாரங்களாக இந்த வீட்டில் அவன் சொல்லாத சொல் அது. என்ன வேண்டும் என்றேன். தோசை என்றான். மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். சுடச் சுடப் போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. போதும் என்று அவனே சொன்னான்.

கோமளா